புதுத் தொழில் தொடங்கப் பணம் மட்டும் போதுமா? கொல்லிமலைச் சாமை சொல்லும் கணக்கு

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது.

அடிவாரத்தில் உள்ள காரவள்ளியில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். மேலே சென்றால் வாழை, பலா, மிளகு, காப்பி, அன்னாசி என்று கண்ணுக்குக் குளிர்ச்சி! அறப்பளீசுவரர் கோவிலும், ஆகாய கங்கை அருவியும் அங்கே உண்டு.

விடுமுறை நாளில் போகிறவர்கள் இவற்றை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சரிவுகளில் விளையும் சாமையையும் தினையையும் நின்று பார்ப்பவர்கள் சிலரே.

அந்தச் சாமைக்குள் ஒரு தொழிலின் கதை இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

எது புதுத் தொழில்?

புதிய தொழில் நிறுவனத்தை இப்போது "ஸ்டார்ட்-அப்" என்று சொல்லுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்ப்யூட்டரும் கண்ணாடிக் கட்டடமும் நினைவுக்கு வருகின்றன. பெரிய நகரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள்.

அப்படி அல்ல. ஊரில் இதுவரை இல்லாத ஒரு சரக்கை, அல்லது இருக்கும் சரக்கை ஒரு புது முறையில், ஜனங்களுக்கு விற்றுப் பிழைப்பதே புதுத் தொழில். அதை ஒரு குடிசையிலும் தொடங்கலாம்.

இதற்கு உதவி செய்ய மத்திய அரசு 2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் "ஸ்டார்ட்-அப் இந்தியா" என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில், ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் தொடங்கும் புதுத் தொழில்களுக்கு என்று 30 கோடி ரூபாயில் தனி நிதி ஒதுக்கியது. வங்கிகளும் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கின்றன.

முதல் கிடைக்க முன்பு இருந்த வழிகளைவிட இப்போது வழிகள் அதிகம். ஆனாலும், தொடங்கிய தொழில்களில் பல, சில ஆண்டுகளிலேயே மூடப்படுகின்றன.

காரணம் என்ன?

முதல் இருந்தது. தொழிலை நடத்தும் திறமை போதவில்லை.

என்னென்ன திறமை வேண்டும்? அதை ஒவ்வொன்றாகக் கொல்லிமலையில் பார்க்கலாம்.

மலையின் தானியம்

கொல்லிமலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் "மலையாளி" என்னும் பழங்குடி மக்கள். கேரள நாட்டு மலையாளிகள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ்.

சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்களை இவர்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்தார்கள்.

சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று பல வகை. தினையில் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றது.

எந்தச் சரிவில் எதை விதைப்பது, எந்தக் கதிரை விதைக்கு எடுத்து வைப்பது என்பது இந்த மக்களுக்குத் தெரியும். "மலைவாசிகளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால், இவ்வளவு இருந்தும் சாமையும் தினையும் பயிரான நிலம் சுருங்கியது. அந்த நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏறியது.

இதற்கும் ஒரு புதுத் தொழிலே காரணம். அந்தத் தொழில் பிறந்த இடம், கொல்லிமலைக்குப் பக்கத்தில் உள்ள சேலம்.

மீன் வியாபாரி கண்ட வழி

1943-ஆம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்தது. சிங்கப்பூர், மலேயா முதலிய இடங்களில் இருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் நின்றுபோயின.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற மீன் வியாபாரி இருந்தார். வியாபாரத்துக்காகக் கேரளப் பகுதிக்குப் போய் வருவார். அங்கே மரவள்ளிக் கிழங்கு ஏராளம்.

அங்கேதான் பினாங்கில் இருந்து வந்து தங்கியிருந்த போபட்லால் ஷா என்பவரை அவர் சந்தித்தார். கிழங்கில் இருந்து ஜவ்வரிசி செய்யும் முறை ஷாவுக்குத் தெரியும்.

ஒருவருக்குச் சந்தை தெரியும். மற்றவருக்குத் தொழில் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது!

பின்னர் சேலம், நாமக்கல் வட்டாரம் முழுவதும் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். அந்தக் கிழங்கு மலைமேலும் ஏறியது.

மலை விவசாயிக்கு இதில் லாபம் உண்டு. மரவள்ளிக்கு வேலை குறைவு. பிடுங்கியதும் வாங்கிக்கொள்ள ஆள் வருகிறது. கையில் ரொக்கம் கிடைக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் மருந்துச் செலவுக்கும் அந்தப் பணம் உதவுகிறது. ஆகவே மரவள்ளி பயிரிட்டவர்களைக் குறை சொல்ல இடம் இல்லை.

ஆனால், எல்லா நிலத்திலும் ஒரே பயிர் என்றால் அதில் ஆபத்தும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது, சேலம், நாமக்கல் விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கிழங்கு விலை சரிந்தாலும் இதே கதிதான்.

சாமை தோற்றது ஏன்?

சாமை சத்து மிகுந்த தானியம். நல்ல சரக்கு. அப்படி இருந்தும் கிழங்கிடம் தோற்றது ஏன்?

முதல் காரணம், உரல்.

கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கிவிடலாம். சாமையும் தினையும் அப்படி அல்ல. உமியை நீக்கினால்தான் அரிசி. உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் புடைக்க வேண்டும். மறுபடியும் குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் பல மணி நேரம் பாடுபட வேண்டும்.

இரண்டாவது காரணம், ரேஷன் அரிசி. 2008-ஆம் ஆண்டில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் இலவசமாகவும் ரேஷனில் அரிசி கிடைத்தது. ஏழைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால், குத்தாமல் கிடைக்கும் அரிசி வீட்டில் இருக்கும்போது, யார் சாமை குத்துவார்கள்?

மூன்றாவது காரணம், வாங்க ஆள் இல்லை. கிழங்குக்கு ஆலை இருந்தது. சாமைக்கு எதுவும் இல்லை.

சாமையில் குறை இல்லை. அதை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழில் இல்லை. அந்தக் குறையே சாமையைத் தோற்கடித்தது.

விஞ்ஞானிகள் வந்தனர்

வேளாண்மை விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ஆம் ஆண்டில் சென்னையில் தமது பெயரில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார். அதற்கு முந்திய ஆண்டு அவருக்குக் கிடைத்த உலக உணவுப் பரிசின் பணத்தை அதற்குப் பயன்படுத்தினார்.

அந்த நிறுவனத்தினர் 1990-களின் நடுவில் கொல்லிமலைக்கு வந்தார்கள். அழிந்துகொண்டிருந்த விதைகளைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம். ஊர்தோறும் விதை வங்கி அமைக்க உதவினார்கள். விதையை வாங்கி விதைத்தவர், அறுவடைக்குப் பின் விதையாகவே திருப்பிக் கொடுக்கலாம்.

ஆனால், விதையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் மட்டும் பயிர் பிழைக்காது. விளைந்ததை விற்றுப் பணம் வந்தால்தான் விவசாயி மறு வருஷமும் விதைப்பார்.

ஆகவே, 2000-ஆம் ஆண்டை அடுத்து, ஊர்களில் உமி நீக்கும் எந்திரங்களும் மாவு அரைக்கும் எந்திரங்களும் வைக்கப்பட்டன. பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மாவு, ரவை முதலியவற்றைப் பாக்கெட் போட்டு மலைக்குக் கீழே விற்றார்கள். குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பும் அமைத்தன.

இது ஒரு புதுத் தொழில். கம்ப்யூட்டர் இல்லாத ஸ்டார்ட்-அப்!

இந்தத் தொழிலுக்குத் தேவைப்படும் திறமைகளே எந்தப் புதுத் தொழிலுக்கும் தேவை.

முதல் திறமை: வாங்குபவரை அறிவது

சரக்கைச் செய்துவிட்டு ஆள் தேடுபவர்கள் உண்டு. வாங்குபவர் யார் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு சரக்கைச் செய்வதே புத்திசாலித்தனம்.

நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு குடும்பத்தலைவி சாமை அரிசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு என்ன வேண்டும்? கல் இருக்கக்கூடாது. எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரிய வேண்டும். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்று பார்க்க முதலில் கொஞ்சமாக வாங்க வேண்டும்.

அவருக்கு 5 கிலோ மூட்டை உதவாது. அரை கிலோ பாக்கெட் வேண்டும். பாக்கெட்டின் பின்னால் சமைக்கும் முறை எழுதியிருக்க வேண்டும்.

கடலூரில் சி.கே.ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் 15 ஆயிரம் ரூபாய் முதலுடன் ஷாம்புத் தொழில் தொடங்கினார். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். பாட்டில் வாங்க முடியாத கிராமத்துக் குடும்பங்களும் அதை வாங்கின. இன்று "கெவின்கேர்" பெரிய கம்பெனி. வாங்குபவரின் கைப் பணம் எவ்வளவு என்று அறிந்ததில் பிறந்த வெற்றி அது.

இரண்டாவது திறமை: தொழிலைக் கற்பது

எந்திரத்தை வாங்கி வைத்துவிட்டால் தொழில் வந்துவிட்டது என்று நினைப்பது தவறு.

சாமை, தினை, வரகு ஆகியவற்றின் மணி ஒரே அளவு அல்ல. உமியின் கனமும் வேறு. ஒவ்வொன்றுக்கும் எந்திரத்தைத் தனித்தனியே சரிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அரிசி நொறுங்கி நொய்யாகிவிடும். அல்லது உமி போகாமல் நிற்கும்.

பெல்ட் அறுந்தால் மாற்றத் தெரிய வேண்டும். சின்னப் பழுதுக்குக் கூட நாமக்கல்லில் இருந்து மெக்கானிக் வர வேண்டும் என்றால், 70 வளைவுகளையும் ஏறி அவர் வருகிற வரை வேலை நிற்கும். வந்த ஆர்டர் கைவிட்டுப் போகும்.

சிவகாசியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலை அங்கேயே தங்கிக் கற்றார்கள். ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த அந்த வட்டாரத்துக்குப் பிழைப்பு வந்தது. அவர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்த முதல் சரக்கு, தொழில் அறிவு!

மூன்றாவது திறமை: ஒரே தரம்

ஒரு முறை வாங்கியவர் மறுமுறையும் வாங்கினால்தான் வியாபாரம். முதல் பாக்கெட் சுத்தமாக இருந்து, இரண்டாவது பாக்கெட்டில் கல் இருந்தால், மூன்றாவது பாக்கெட்டை அவர் வாங்கமாட்டார்.

உமியோடு இருக்கும் சாமை நெடுநாள் கெடாது. உமி நீக்கிய அரிசி அவ்வளவு நாள் தாங்காது. வண்டு விழும். காறல் வாடை அடிக்கும். ஆகவே ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரைத்து, நன்றாகக் காயவைத்து, உடனே அனுப்ப வேண்டும்.

பல ஊர்ப் பெண்கள் தனித்தனியே செய்யும் சரக்கை ஒரே தரத்தில் வைப்பது எப்படி?

பம்பாயில் 1959-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளத் தொழில் தொடங்கினார்கள். அதுவே இன்று இந்தியா முழுவதும் பேசப்படும் "லிஜ்ஜத்" அப்பளம். மாவைப் பொது இடத்தில் பிசைந்து கொடுப்பார்கள். பெண்கள் வீட்டில் அப்பளம் இட்டுக் கொண்டுவருவார்கள். சோதித்துப் பார்த்தே வாங்கிக்கொள்வார்கள்.

நன்கொடை வாங்குவது இல்லை, தரத்தைக் குறைப்பது இல்லை, கணக்கை ஒழுங்காக வைப்பது என்பவை அவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொண்ட முடிவுகள். எந்தப் புதுத் தொழிலும் சுவரில் எழுதி வைக்கவேண்டிய விஷயம் இது.

நான்காவது திறமை: கணக்கு

புதுத் தொழில்கள் பலவற்றைக் கவிழ்ப்பது கணக்குத் தெரியாமைதான்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். இதில் உள்ள விலைகள் உதாரணத்துக்காகச் சொல்லப்படுபவை.

ஒரு குழு, கிலோ 42 ரூபாய் வீதம் 100 கிலோ சாமை வாங்குகிறது. செலவு 4,200 ரூபாய். சுத்தம் செய்யவும் அரைக்கவும், பெண்களின் கூலியும் சேர்த்து, 600 ரூபாய். மொத்தம் 4,800 ரூபாய்.

100 கிலோ சாமைக்கு 100 கிலோ அரிசி வராது. உமியும் தவிடும் நொய்யும் போக 60 கிலோ தேறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கிலோ அரிசியின் அடக்கம் 80 ரூபாய்.

பாக்கெட்டுக்கும் லேபிளுக்கும் 6 ரூபாய். லாரி வாடகை 4 ரூபாய். கடைக்காரர் கமிஷன் 20 ரூபாய். விற்காமல் கெட்டுப்போகும் சரக்குக்கு 5 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 115 ரூபாய்.

கணக்குத் தெரியாதவர் என்ன செய்வார்? "42 ரூபாய் சாமையை 80 ரூபாய்க்கு விற்றால் 38 ரூபாய் லாபம்" என்று மகிழ்வார். உண்மையில் அவருக்குக் கிலோவுக்கு 35 ரூபாய் நஷ்டம்! அதிகம் விற்க விற்க நஷ்டமும் அதிகமாகும்.

இன்னும் ஒரு தவறு உண்டு. குழுவில் உள்ள பெண்களின் உழைப்புக்குக் கூலி போடாமல் விடுவது. "வீட்டு வேலை மாதிரிதானே" என்று விட்டுவிட்டால், ஏட்டில் லாபம் தெரியும். அந்த லாபம் அவர்கள் வயிற்றில் அடித்துச் சேர்த்த லாபம். பெண்களின் கூலியைக் கணக்கில் முதலில் எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு எழுத வேண்டும்.

கடனுக்குச் சரக்கு கொடுப்பதிலும் கவனம் தேவை. கடைக்காரர் பணம் தர மூன்று மாதம் ஆனால், விவசாயிக்கு யார் பணம் கொடுப்பது? லாபம் வரும் தொழிலும் கையில் ரொக்கம் இல்லாமல் நின்றுபோவது உண்டு.

ஐந்தாவது திறமை: சட்டம் தெரிவது

உணவுப் பொருளை விற்க, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ லைசென்சோ பெற வேண்டும். பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த தேதி, தயாரித்தவர் விலாசம் ஆகியவை இருக்க வேண்டும்.

"இது எதற்கு வீண் தொல்லை?" என்று சிலர் எண்ணலாம். வாங்குபவருக்கு அந்தச் சீட்டே ஜாமீன். அது இல்லாவிட்டால் பெரிய கடைகள் சரக்கை வாங்கமாட்டா. பெரிய வியாபாரி ஒருவர் மலைச் சாமையை மூட்டையாக வாங்கி, தன் பெயரை ஒட்டி விற்பார். லாபம் அவருக்குப் போகும்.

சட்டத்தில் உதவியும் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, 10 விவசாயிகள் சேர்ந்தால் "உற்பத்தியாளர் கம்பெனி" தொடங்கலாம். விவசாயிகளே பங்குதாரர்கள். அவர்களே முதலாளிகள்.

எல்லாம் ஒருவருக்கு வருமா?

வாங்குபவரை அறிவது, தொழில், தரம், கணக்கு, சட்டம் ஆகிய ஐந்தும் ஒரே ஆளிடம் இருக்குமா?

இராது. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

மாணிக்கம் செட்டியாருக்கு ஜவ்வரிசி செய்யத் தெரியாது. தெரிந்தவரோடு சேர்ந்தார். தனக்கு என்ன தெரியாது என்று அறிந்து, அது தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்வது பெரிய திறமை. சேர்ந்த பிறகு சண்டை இல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய திறமை!

சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் தனித்தனியே விற்று, விலைக்கு வியாபாரிகளை நம்பியிருந்தார்கள். 1981-ஆம் ஆண்டில் "சேகோசர்வ்" என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சரக்கைக் கிடங்கில் வைத்து, ஏலம் போட்டு விற்க வழி பிறந்தது.

ஆலை முதலாளிகளுக்கே கூட்டு தேவைப்பட்டது. அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் சாமை விதைக்கும் மலைக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு அவசியம்!

ஒரு குழுவில் ஒருத்தி நன்றாகப் பேசுவாள். ஒருத்திக்கு எந்திரம் கைவசமாகும். பள்ளிக்கூடம் போன பெண் ஏடு எழுதுவாள். வயதான அம்மாவுக்கு எந்தச் சாமை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று கையில் எடுத்ததும் தெரியும். நான்கு பேரும் சேர்ந்தால் ஒரு கம்பெனி.

உதவி எப்படி இருக்க வேண்டும்?

இங்கேதான் ஆட்சியாளர்களும் உதவி செய்கிறவர்களும் யோசிக்க வேண்டும்.

எந்திரம் கொடுப்பது எளிது. திறப்பு விழாவில் படம் பிடிக்கவும் அது வசதி. திறமை கொடுப்பது கடினம். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். படம் பிடிக்கவும் முடியாது.

வெளியூரில் இருந்து வருகிற படித்தவர் கணக்கு எழுதுகிறார். அவரே கடைக்காரரோடு பேசுகிறார். அவரே லைசென்சு வாங்கித் தருகிறார். தொழில் நன்றாக நடக்கிறது. ஒரு நாள் திட்டம் முடிகிறது. அவர் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். அவரோடு திறமையும் 70 வளைவுகளில் கீழே இறங்கிப் போய்விடுகிறது.

பிறகு என்ன ஆகும்? எந்திரம் துருப்பிடிக்கும். பெண்கள் மறுபடியும் உலக்கையைப் பிடிக்க வேண்டும். அல்லது சாமையை விட்டுவிட வேண்டும். சாமை விதைத்த நிலத்தில் வேறு பயிர் ஏறும். சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் விதையின் முளைப்புத் திறன் போய்விடும். தலைமுறைகள் காத்து வந்த கட்டவெட்டிச் சாமையைப் பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே, உதவி செய்கிறவர்கள் முதல் ஆண்டில் கூட இருந்து செய்யட்டும். இரண்டாம் ஆண்டில் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மூன்றாம் ஆண்டில் மலைப் பெண்களே கணக்கு எழுதி, அவர்களே விலை பேசட்டும். அதன் பிறகு உதவியாளர் போகலாம்.

கொல்லிமலைப் பிள்ளைகளில் இப்போது பள்ளி, கல்லூரி படித்தவர்கள் இருக்கிறார்கள். வேலை தேடி அவர்கள் கீழே இறங்குகிறார்கள். கணக்கு எழுதவும், எந்திரம் பழுது பார்க்கவும், செல்போனில் ஆர்டர் வாங்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊரிலேயே சம்பளம் கிடைக்க வழி செய்தால், தொழிலும் நிலைக்கும். பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள்.

அரசு செய்யவேண்டிய காரியம் இன்னொன்றும் உண்டு. புதுத் தொழிலுக்கு நன்கொடையைவிட நிலையான ஆர்டர் பெரிய பலம்.

2023-ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. இந்தியா கேட்டுக்கொண்டபடியே அந்த முடிவு எடுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது.

கொல்லிமலைப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வேண்டிய சாமையையும் கேழ்வரகையும் அந்த மலைக் குழுக்களிடமே வாங்கலாம். விலையை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பணத்தை 15 நாளில் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு அவர்களுக்கு யாரும் தானம் செய்யவேண்டிய தேவை இராது.

நம் வீட்டுக் காரியமும் அதுதான்

கொல்லிமலைக்குச் சொன்னது மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். ஊறுகாய் போட்டு விற்க நினைக்கும் குடும்பத்தலைவிக்கும், மொபைல் செயலி செய்ய நினைக்கும் பட்டதாரிக்கும் கேள்விகள் ஒன்றே.

யார் வாங்குவார்கள்? தொழில் நன்றாகத் தெரியுமா? நாளைக்கும் இதே தரத்தில் கொடுக்க முடியுமா? அடக்க விலை என்ன? சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? தெரியாததைத் தெரிந்த கூட்டாளி யார்?

இவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதில் எழுதிப் பார்க்கலாம். அதற்கு எந்த முதலும் தேவை இல்லை. பதில் எழுத முடியாத கேள்வி எதுவோ, அதைக் கற்றுக்கொண்ட பிறகு கடன் வாங்கப் போவது நல்லது.

கடனாக வாங்கிய பணத்துக்கு வட்டி உண்டு. கற்றுக்கொண்ட திறமைக்கு வட்டி இல்லை. தொழில் ஒரு முறை நொடித்தாலும் அந்தத் திறமை கையைவிட்டுப் போகாது. அதை வைத்து மறுபடியும் தொடங்கலாம்.